தொகை சொல்லாத பிரசங்கம்: புதுமைப்பித்தனின் இரு கதைகளும் பணம் பற்றிய நம் போதனையும்

பணத்தைப்பற்றித் திருச்சபையின் பிரசங்க மேடையிலிருந்து கூறப்படுவன மிகப் பல. அவற்றுள் தொகை கூறப்படுவது மிகச் சில. 'ஐசுவரியம்', 'உலகப்பொருள்', 'பண ஆசை', 'உக்கிராணத்துவம்' ஆகிய சொற்கள் நம் நாவில் எளிதாக வருகின்றன. எத்தனை ரூபாய், எந்தத் தேதியில், யார் கையிலிருந்து யார் கைக்கு என்னும் வினாக்கள் நம் அருளுரைகளில் இடம்பெறுவதில்லை. அவை சபைப் பொருளாளருக்கு உரியவை என்றும், குருவானவருக்கு உரியது உள்ளத்தின் நிலை மட்டுமே என்றும் நாம் எண்ணி வந்திருக்கிறோம். அவ்வெண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதற்குத் துணையாகப் புதுமைப்பித்தனின் இரண்டு சிறுகதைகளை எடுத்துக்கொள்கிறேன். அவர் கிறிஸ்தவர் அல்லர். எச்சமயத்தாரின் போதனையையும் அவர் எளிதில் ஏற்றுக்கொண்டவரும் அல்லர். ஆயினும் பணத்தை எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர்.

இவ்வாராய்ச்சி நூலகத்தில் தொடங்கவில்லை. பெருங்குடியில் நான் ஊழியஞ்செய்த காலத்தில், ஒரு ஞாயிறன்று, தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தைக் கொண்டு பிரசங்கித்தேன். பணம் தீயதன்று, பணத்தின்மேல் வைக்கும் ஆசையே தீயது என்று, நாம் அனைவரும் சொல்வதையே நானும் சொன்னேன். ஆராதனை முடிந்து வாயிலில் நின்றபோது ஒரு தாயார் என்னிடம் வந்தார். குப்பைக் கிடங்கிலிருந்து பிளாஸ்டிக்கும் தகரமும் பொறுக்கிக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுப் பிழைத்தவர். “ஐயா, எவ்வளவு இருந்தா அது பண ஆசை?” என்று கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை. விடையறியும் விருப்பமே இருந்தது. தொகை முக்கியமன்று, மனநிலைதான் முக்கியம் என்று நான் பதிலுரைத்தேன். “சரிங்க ஐயா” என்று சொல்லிப் போய்விட்டார். அவர் முகத்தில் கண்ட ஏமாற்றம் எனக்குப் பல நாள் நினைவிலிருந்தது.

பெருங்குடியை அறியாத வாசகர்க்குச் சில சொற்கள். பழைய மாமல்லபுரம் சாலையும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அணைத்துக் கிடக்கும் ஊர் அது. நெல் விளைந்த சிற்றூராய் இருந்து, 2000ஆம் ஆண்டில் அருகிலுள்ள தரமணியில் டைடல் பூங்கா எழுந்த பின்னர், கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் நிரம்பிய சாலையின் ஒரு பகுதியாயிற்று. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாக அவ்வூரின் சதுப்பு நிலத்திலேயே கொட்டப்பட்டது. 2022 ஏப்ரலில் அக்கிடங்கு தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. அதே ஆண்டில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. ஆகவே அச்சபையின் ஒரே வரிசையில் நிலம் விற்றவரும், மாதச் சம்பளம் வாங்கும் மென்பொருள் பொறியாளரும், குப்பை பொறுக்கியவரும் அருகருகே அமர்ந்து ஒரே பிரசங்கத்தைக் கேட்டனர். அவர்களுள் தொகையைத் துல்லியமாக அறிந்தவர் யாரெனில், அத்தாயாரே. பொறியாளர் தம் சம்பளத்தில் மாதந்தோறும் என்னென்ன பிடித்தம் செய்யப்படுகிறது என்பதை அறியார். அத்தாயாரோ எப்பொருள் கிலோவுக்கு என்ன விலை பெறும் என்பதையும், கடைக்காரரின் தராசு எவ்வளவு குறைத்துக் காட்டும் என்பதையும் அறிந்திருந்தார்.

இனிக் கதைக்கு வருவோம்.

'பொன்னகரம்' 1934இல் மணிக்கொடியில் வெளிவந்தது. அளவில் மிகச் சிறியது. நம் இறையியல் வட்டங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவதும் அதுவே. அம்மாளு ஓர் ஆலையில் கூலிவேலை செய்பவள். கணவன் முருகேசன் ஜட்கா வண்டிக்காரன். மாமியார், கொழுந்தன், குதிரை ஆகியோரும் அவ்விருவரின் வருவாயையே நம்பியிருப்பவர்கள். காவலர்க்குத் தர வேண்டிய மாமூலும் அவ்வருவாயிலிருந்தே போக வேண்டும். ஒருநாள் முருகேசன் குடித்து, குதிரைக்கும் குடிக்கக் கொடுத்து, வண்டியை விரட்டி விபத்துக்குள்ளாகிறான். அடிபட்டுக் கிடந்தவன் கண் திறந்து பால் கஞ்சி கேட்கிறான். வீட்டில் காசில்லை. தண்ணீர் எடுக்கப் போன அம்மாளு, தன்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த ஒருவனோடு இருளில் மறைகிறாள். அவள் கைக்கு முக்கால் ரூபாய் வருகிறது. ஆசிரியர் வாசகரை நோக்கித் திரும்பிக் கற்பைப்பற்றி நாம் பேசும் பேச்சை எள்ளி நகையாடுவதோடு கதை முடிகிறது.

இக்கதையைக் கற்பைப்பற்றிய கதையாகவே நாம் வாசித்து வந்திருக்கிறோம். வறுமை ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று ஒரு சாராரும், வறியவளின் தியாகம் ஒழுக்கத்தினும் உயர்ந்தது என்று மற்றொரு சாராரும் கூறுவர். இருவருக்கும் அம்மாளுவின் பண்பே பொருள். அவளைக் கண்டிப்பதா, போற்றுவதா என்பதில்தான் வேறுபாடு. நானும் அவ்வாறே வாசித்து, பெருங்குடியில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டமொன்றில் இக்கதையைச் சுருக்கிச் சொன்னேன். அன்று வாயிலில் வினவிய அதே தாயார் அங்கும் இருந்தார். கதையைக் கேட்டு முடித்ததும், “அவளுக்கு எப்போ ஐயா கூலி?” என்றார். இன்னும் இரண்டு நாளில் என்று கதையில் வருகிறது என்றேன். “அப்போ அது அவ பணந்தானே? ரெண்டு நாள் முன்னாடி குடுத்திருந்தா அவளே பால் வாங்கியிருப்பா” என்றார்.

வீட்டுக்குச் சென்று கதையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஆலையில் கூலி போட இரண்டு நாள் உள்ளது என்னும் செய்தி ஒரே வாக்கியத்தில் வந்து போய்விடுகிறது. ஆனால் கதை முழுவதும் அவ்வாக்கியத்தையே அச்சாகக் கொண்டு சுழல்கிறது. அம்மாளு ஏழை என்பதைவிட அவள் கடன் கொடுத்தவள் என்பதே பொருத்தமாகும். அவள் உழைத்துவிட்டாள். உழைப்பின் விலை ஆலை முதலாளியின் பெட்டியில் இருக்கிறது. அந்தி விழுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமத்தின் இருபத்து நான்காம் அதிகாரமும், கூலிக்காரனின் பணம் விடியுமளவும் எசமானிடம் தங்கியிருக்கலாகாது என்று லேவியராகமத்தின் பத்தொன்பதாம் அதிகாரமும் விதிக்கின்றன. நிறுத்திவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுவதாக யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். இவ்விதிகளை நாம் பழைய ஏற்பாட்டுச் சமுதாயத்தின் நற்பண்புகள் என்று வகுப்பறையில் கற்பித்துவிட்டுக் கடந்துபோகிறோம். ஓர் இரவின் காலதாமதம் ஒரு பெண்ணின் உடலுக்கு என்ன விலை வைக்கும் என்பதை அவ்விதிகளை எழுதியோர் அறிந்திருந்தனர் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அக்காலத்து ஒரு ரூபாய் பதினாறு அணா. முக்கால் ரூபாய் என்பது பன்னிரண்டு அணா. 1957இல் தசம நாணய முறை வந்தபின் பிறந்த மாணவர்க்கு இக்கணக்கு விளங்குவதில்லை. ஆதலின் அவர்கள் 'முக்கால் ரூபாய்' என்பதை 'மிக அற்பத் தொகை' என்று பொருள்கொண்டு, அவ்வளவு மலிவாகவா என்று இரங்குகிறார்கள். அதே ஆசிரியர் சென்னையைப்பற்றி எழுதிய பிறிதொரு கதையில் டிராம் கட்டணமும் வெற்றிலைச் செலவும் காலணாக்களில் எண்ணப்படுகின்றன. அக்கணக்கில் பன்னிரண்டு அணா அற்பமன்று. ஒருநாள் இரவுக்குப் பாலும் அரிசியும் அதில் கிடைக்கும். தேவைக்குச் சரியான தொகையைப் புதுமைப்பித்தன் எண்ணி வைத்திருக்கிறார். பெருந்தொகை வைத்திருந்தால் பேராசை என்று நாம் எளிதாகச் சொல்லியிருப்போம். சில்லறைக் காசு வைத்திருந்தால் மடமை என்று சொல்லியிருப்போம். அத்தொகை இரண்டுக்கும் இடந்தரவில்லை.

இக்கதையில் எனக்குக் குறையாகப் படுவனவும் உண்டு. முக்கால் ரூபாய் வைத்திருந்த அம்மனிதனைப்பற்றி ஆசிரியர் ஒன்றும் கேட்பதில்லை. அம்மாளு ஈட்டினாள், அவன் செலவிட்டான். செலவிட்டவனின் பண்பு கதையில் கணக்கிடப்படவில்லை. அவனுக்கு அந்தப் பன்னிரண்டு அணா எங்கிருந்து வந்தது? அவனும் ஓர் ஆலைத் தொழிலாளியா, அல்லது அவள் போன்றோரின் கூலியைக் கணக்கெழுதும் மேஸ்திரியா? இது மட்டுமன்று. இறுதியில் வாசகரை நோக்கி ஆசிரியர் வீசும் ஏளனம் கதையின் வலிமையைக் கூட்டுகிறது என்பர். என் மதிப்பீட்டில் அது குறைக்கிறது. அதுவரை ஆலையையும் கூலித்தேதியையும் நோக்கி நின்ற நம் பார்வை, அந்த ஏளனத்தால் நம் சொந்த மனச்சாட்சியை நோக்கித் திருப்பப்படுகிறது. கற்பு என்னும் சொல்லை எடுத்த மாத்திரத்தில் வாசகன் அச்சொல்லோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிடுகிறான். ஆலை முதலாளி தப்பிவிடுகிறார். ஐம்பது ஆண்டு விமரிசனம் கற்பையே பேசிற்று என்றால், அப்பழி முழுவதும் விமரிசகர்மேல் விழாது.

கூலித்தேதி ஆலைகளுக்கு மட்டுமே உரிய சிக்கல் என்று நாம் ஆறுதலடைய இயலாது. பெருங்குடியின் கண்ணாடிக் கட்டடங்களில் தரையைத் துடைக்கும் பெண்களும் வாயிற்காவலரும் ஒப்பந்தக்காரர் வழியாகச் சம்பளம் பெறுகின்றனர். அவர்களில் சிலர் சபைக்கு வருவதுண்டு. அக்கட்டடத்துப் பொறியாளர்க்கு மாத இறுதியில் தவறாமல் வரும் சம்பளம், இவர்களுக்கு அடுத்த மாதத்தின் எந்நாளிலும் வரலாம். இதை அறிந்தபின் நான் என் சபையின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். குருவானவராகிய எனக்கு முதல் வாரத்திலேயே சம்பளம் வந்துகொண்டிருந்தது. கோயிலைக் கூட்டி மணியடிக்கும் பணியாளருக்கோ காணிக்கை எவ்வளவு சேர்ந்தது என்று பார்த்தபின், பொருளாளருக்கு ஓய்வு கிடைத்த நாளில் கொடுக்கப்பட்டது. சில மாதங்களில் பதினைந்தாம் தேதியும் கடந்திருந்தது. இது குறித்து எவரும் என்னிடம் முறையிட்டதில்லை. பால் கஞ்சி வேண்டிய நாளில் அப்பணியாளர் வீட்டில் என்ன செய்தார்கள் என்பதை நான் கேட்டதுமில்லை.

சபையில் தொகை சொல்லப்படுவதே இல்லை என்று நான் எழுதினால் வாசகர் சிரிப்பர். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம் எத்தனை ரூபாய்க்குப் போயிற்று என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறோம். மின்விசிறியின் இறக்கையிலும் சலவைக்கல்லிலும் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கிறோம். சந்தா நிலுவையில் உள்ளவர்க்கு வாக்குரிமை இல்லையென்று பட்டியல் ஒட்டுகிறோம். ஆம், தொகை சொல்லத் தெரிந்தவர்களே நாம். வாங்கும் வேளையில் தவறாமல் சொல்கிறோம். ஈட்டிய விதத்தையும் கொடுக்க வேண்டியதையும் பேசும் வேளையில்தான் நமக்கு மனநிலை என்னும் சொல் நினைவுக்கு வருகிறது.

சந்தா என்றதும் புதுமைப்பித்தனின் மற்றொரு கதை நினைவுக்கு வருகிறது. 1943இல் வெளியான 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' நகைச்சுவைக் கதையாகவே பலராலும் படிக்கப்பட்டு வருகிறது. அதில் கடவுள் மனித உருவில் சென்னைக்கு வந்து, வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளையைச் சந்திக்கிறார். கடவுள் வருமுன் பிள்ளை பிராட்வேச் சந்தியில் நின்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். டிராமில் போனால் காலணா மிஞ்சும், அதில் வெற்றிலை போடலாம். பேருந்தில் ஏறி, நடத்துநரை ஏய்த்துச் சிறிது தூரம் போனபின் சீட்டு வாங்கினால் அரைக் கோப்பைக் காப்பிக்கு வழியுண்டு. (சென்னையில் டிராம் 1953இல் நின்றுவிட்டது. ஆனால் அக்கணக்கு நிற்கவில்லை.) காலணாவுக்கு ஏமாற்றத் துணிந்த அதே மனிதர், முன்பின் அறியாத ஒருவர் தாகமென்றதும் அவரைக் காப்பி ஹோட்டலுக்கு அழைத்துப் போகிறார். செலவு தம் தலையில் விழுமோ என்று அஞ்சுகிறார். அஞ்சிக்கொண்டே போகவும் செய்கிறார்.

இம்மனிதரை நாணயமானவர் என்பதா, அல்லாதவர் என்பதா? தமிழில் நாணயம் என்னும் ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிக்கும். காசைச் சுண்டிப் பார்த்து ஓசையால் அறிவதுபோல மனிதரையும் ஒரே சுண்டலில் அறிந்துவிடலாம் என்னும் நம்பிக்கை அச்சொல்வழக்கில் மறைந்திருக்கிறது. நம் போதனையும் அந்நம்பிக்கையைப் பின்பற்றுகிறது. பணத்தில் உண்மையானவன் யாவற்றிலும் உண்மையானவன் என்கிறோம். புதுமைப்பித்தன் அதை ஏற்பதில்லை. கந்தசாமிப் பிள்ளை நடத்துநரிடத்தில் ஒருவிதமாகவும் தாகத்தோடு நிற்கும் அந்நியரிடத்தில் வேறுவிதமாகவும் ஒலிக்கிறார். காலணாவில் தோற்றவர் அடுத்த கணத்தில் காப்பியில் வெல்கிறார். பண்பு என்பது பணத்துக்கு முன்னரே உள்ளத்தில் நிறைந்திருந்து பணத்தால் வெளிப்படுத்தப்படும் ஒன்று என்று எண்ணுகிறோமே, அதற்கு இக்கதை மறுப்பாகும். ஒவ்வொரு காசையும் எண்ணும் வேளையிலேதான் பண்பு உருவாகிறது, உடைகிறது, மீண்டும் உருவாகிறது.

ஹோட்டலில் கடவுள் எடுத்து நீட்டுவது நூறு ரூபாய் நோட்டு. சில அணா விலையுள்ள காப்பிக்கு நூறு ரூபாய்! கடவுளிடம் சில்லறை இல்லை. இக்காட்சியைப் படிக்குந்தோறும் எனக்கு நம் அருளுரைகளே நினைவுக்கு வருகின்றன. கிருபை, அர்ப்பணம், உக்கிராணத்துவம் என்று நாம் நீட்டுவன யாவும் பெரிய நோட்டுகள். அவை போலியல்ல. ஆனால் காயலான் கடைக்குப் போகிற தாயாருக்கு அவற்றை மாற்றிக்கொள்ள வழியில்லை. அவர் கேட்டது சில்லறை.

கதையின் நடுவே கடவுள் அப்பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரராகிறார்; இருபத்தைந்து ரூபாய். யாருடைய ஆயுள் என்னும் நகைச்சுவையை ரசித்துவிட்டு நாம் கடந்துபோகிறோம். வரங்கொடுக்க வல்லவரிடம் சந்தா கேட்ட பிள்ளையின் செயலை அற்பம் என்று சொல்லியும் கேட்டிருக்கிறேன். நான் அதை அற்பமாகக் கருதவில்லை. வரத்துக்கு விலையில்லை, ஆதலால் அதில் கணக்குமில்லை. பெற்றவன் காலமெல்லாம் கைகட்டி நிற்க வேண்டும். சந்தாவுக்குத் தொகை உண்டு. கொடுத்தவர் கடவுளேயாயினும், அதற்கீடாகப் பத்திரிகை அனுப்பும் பொறுப்பு பிள்ளைக்கு வந்துவிடுகிறது. இருவரும் சமநிலையில் நிற்கும் ஓரிடத்தைத் தொகை உண்டாக்குகிறது. இக்கதையிலும் எனக்கொரு மனக்குறை உண்டு: அந்த நடத்துநர் திரும்பி வருவதேயில்லை. ஏய்க்கப்பட்ட காசு அவர் சம்பளத்திலிருந்து போனதா என்று எவரும் கேட்பதில்லை. நகைச்சுவை சிறியவரின் நட்டத்தை மறைத்துவிட வல்லது.

இவ்விரு கதைகளையும் படித்தபின் நற்செய்தி நூல்களைத் திறந்தால், நம் ஆண்டவர் எத்துணைத் தொகைகளைச் சொல்லியிருக்கிறார் என்பது வியப்பளிக்கிறது. ஐந்நூறும் ஐம்பதும் பட்ட இரு கடனாளிகள். நூறு குடம் எண்ணெய் ஐம்பதாகத் திருத்தப்பட்ட சீட்டு. பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன் நூறு வெள்ளிக்காசுக்காகப் பிடித்த கழுத்து. சமாரியன் விடுதிக்காரனிடம் கொடுத்த இரண்டு காசு. விதவையின் இரண்டு காசைக் குறிப்பிடும் மாற்கு, அவை உரோம நாணயத்தில் எவ்வளவாகும் என்று மாற்றியும் சொல்கிறார். அவருடைய வாசகர் அத்தொகையைத் தம் கையிலுள்ள காசைக் கொண்டு எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. நம் பழைய மொழிபெயர்ப்பாளரும் அதை உணர்ந்திருந்தனர். திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் நாட்கூலியை அவர்கள் ஒரு 'பணம்' என்று எழுதினர். இன்று அச்சொல்லைக் கேட்பவர் பொதுவாகச் செல்வம் என்று பொருள்கொள்கின்றனர். அக்காலத்துச் சென்னையில் பணம் என்பது ஒரு குறிப்பிட்ட காசின் பெயர். எண்பது காசு ஒரு பணம். நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். 1818இல் ரூபாய் நிலைபெற்றபின் அக்காசு மறைந்தது. தொகை மறைந்து சொல் மட்டும் நின்றது. நம் போதனைக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ அதுவே.

வள்ளுவரைப்பற்றி ஒரு சொல். அவர் தொகை கூறுபவர் அல்லர். ஆயினும் வரவுக்கும் செலவுக்கும் உள்ள அளவைக் கூறுகிறார். பொருள் செயல்வகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர் நல்குரவுக்கும் தனி அதிகாரம் வகுத்தார். வறியவன் எவ்வளவு நன்றாக உணர்ந்து கூறினும் அவன் சொல் எடுபடாது என்பதை அங்கே அவர் குறிப்பிடுகிறார். பண்புடைமையைப் பேசிய புலவர், பண்பு பிறர் கண்ணுக்குத் தெரிவதற்கே பொருள் வேண்டியிருக்கிறது என்பதை மறைக்கவில்லை. இதை விரித்தெழுத வேறொரு கட்டுரை வேண்டும்.

எஞ்சியிருப்பது அப்போஸ்தலர் நடபடிகளின் ஐந்தாம் அதிகாரம். அனனியாவும் சப்பீராளும் நிலத்தை விற்றனர். விலையில் ஒரு பங்கை மறைத்து வைத்துக்கொண்டு மற்றதைக் காணிக்கையாகக் கொண்டுவந்தனர். இப்பகுதியை நாம் காணிக்கை ஞாயிறுகளில் எடுத்து, முழுமையாய்க் கொடாதவர்க்கு வரும் கேட்டை எடுத்துரைக்கிறோம். அது பிழையான வாசிப்பு. நிலம் விற்கப்படுமுன்னும் அவர்களுடையதே, விற்றபின் கிடைத்த விலையும் அவர்கள் அதிகாரத்திலேயே இருந்தது என்று பேதுரு தெளிவாகச் சொல்கிறார். கொடாதது குற்றமன்று. சப்பீராளிடம் அவர் கேட்கும் வினா ஒன்றே: நிலத்தை இன்ன தொகைக்குத்தான் விற்றீர்களா? லூக்கா அத்தொகையை எழுதவில்லை. ஆனால் அவள் உயிர் அத்தொகையின்மேல் நின்றது.

பெருங்குடியில் நிலம் விற்றவர்களுக்கு இவ்வதிகாரத்தைப் பிரசங்கிக்க நான் நெடுநாள் துணியவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் சபையைச் சேர்ந்த முதியவர் ஒருவர் தம் தந்தை வழி வந்த நிலத்தை விற்றார். அவர் வாழ்நாளில் எவர் கூலியையும் ஒருநாள் தாமதித்தவரல்லர். ஊரில் நாணயத்துக்கு எடுத்துக்காட்டாக அவரையே சொல்வார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு ஐயாவே வர வேண்டும் என்று என்னை அழைத்தார். எனக்கும் அது பெருமையாயிருந்தது. பத்திரத்தில் எழுதியிருந்தது அரசின் வழிகாட்டி மதிப்பையொட்டிய தொகை. கைமாறியது வேறு தொகை; அதில் பாதியளவுகூடப் பத்திரத்தில் இல்லை. மீதி ரொக்கமாக ஒரு துணிப்பையில் வந்தது. முத்திரைத் தீர்வைக்காக எல்லாரும் செய்வதுதான், ஐயா என்று தரகர் எனக்கு விளக்கினார். முதியவர் ஒன்றும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையெழுத்திட்டேன். அடுத்த ஞாயிறு அவர் அந்த ரொக்கத்திலிருந்து கோயிலுக்குத் தரை போட ஒரு தொகையைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார். நான் அதைப் பெற்று ஜெபித்தேன். 2016 நவம்பர் 8ஆம் தேதி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டபோது, அவர் வீட்டில் எஞ்சியிருந்ததை என்ன செய்வதென்று என்னிடமே கேட்க வந்தார். மனநிலையைப்பற்றி அவரிடம் பேச அன்று எனக்கு வாய் வரவில்லை.

அவரை அனனியாவோடு ஒப்பிட நான் விரும்பவில்லை. அவ்விதம் ஒப்பிட்டால், எல்லாம் அறிந்து அருகில் நின்ற எனக்கு அவ்வதிகாரத்தில் எந்த இடம் என்பதும் கேட்கப்படும். தரகரைத் தீயவர் என்றும் முதியவரைப் பலவீனர் என்றும் வகுத்துவிடலாம். அங்கு நடந்தது அதுவன்று. நல்லவர் மூவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு தொகையை எழுதாமல் விட்டோம். நல்லவர்களாயிருந்தமையால்தான் அது அத்துணை எளிதாயிருந்தது.

சென்ற தவக்காலத்தில், வேறொரு சபையில், அவ்வதிகாரத்தை முதன்முறையாகப் பிரசங்கித்தேன். கோயில் பணியாளரின் சம்பளத் தேதியையும், கைமாறிய தொகையையும் பத்திரத்தொகையையும் எண்களிலேயே சொன்னேன். பெயர்களைச் சொல்லவில்லை, என் பெயரைத் தவிர. ஆராதனைக்குப்பின் வாயிலில் கைகுலுக்க நின்றேன். வழக்கத்தைவிடச் சிலரே வந்தனர். ஒருவர் மட்டும் என்னை ஓரமாக அழைத்து, அடுத்த வாரம் தமக்குப் பத்திரப்பதிவு இருக்கிறது என்றும், தரகர் சொன்ன தொகை இன்னது என்றும், வாங்குபவர் தருவது இன்னது என்றும் தாழ்ந்த குரலில் கூறி, என்ன செய்யலாம் என்று கேட்டார். நாங்கள் இருவரும் பின்னிருக்கையில் அமர்ந்து, ஆராதனை ஒழுங்குத் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம். முழுத்தொகையை எழுதினால் வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வை எவ்வளவு கூடும், தமக்கு வரி எவ்வளவு வரும், மகளின் திருமணத்துக்கு எவ்வளவு குறையும் என்று ஒவ்வொன்றாக எழுதினார். குறையும் தொகை சிறியதாக இல்லை.